வாசகர் கேள்வி – பதில்: அணுகுண்டைப் பிரித்துப் போட்ட நாடு

கேள்வி: அணு ஆயுத நாடுகள் ஐந்து என்று ஒரு நூலிலும் ஒன்பது என்று வேறொரு நூலிலும் படித்தேன். எது சரி? (மன்னார்குடி வாசகர்)

பதில்: இரண்டும் சரியே. அணுகுண்டைக் கையில் வைத்திருப்பவை அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், வட கொரியா ஆகிய ஒன்பது நாடுகள். ஐந்து என்பது 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் கணக்கு. 1967 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் குண்டைச் செய்து வெடித்துக் காட்டிய நாட்டை மட்டுமே அது அணு ஆயுத நாடாக ஏற்றுக்கொள்கிறது. 1964இல் வெடித்த சீனா அந்தக் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்த இந்தியா வெளியே நின்றுவிட்டது. இஸ்ரேலோ தன்னிடம் குண்டு உண்டு என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.

கேள்வி: அந்த ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை என்றால், கூடங்குளத்துக்கு ரஷ்யா அணு உலை கொடுத்தது எப்படி? (வள்ளியூர் வாசகர்)

பதில்: 1974இல் வெடித்த குண்டுக்கான புளூட்டோனியம், ஆராய்ச்சிக்கென்று கனடா வழங்கிய சைரஸ் உலையிலிருந்து வந்தது. அந்த அதிர்ச்சியில்தான் அணுப்பொருள் விற்கும் நாடுகள் ஒன்றுகூடி, யாருக்கு எதை விற்கலாம் என்று விதி செய்யும் ஒரு குழுவை அமைத்துக்கொண்டன. தன் அணுசக்தித் துறை முழுவதையும் சர்வதேச அணுசக்தி முகமையின் சோதனைக்குத் திறந்துவிடாத நாட்டுக்கு உலை விற்பதில்லை என்று அக்குழு 1992இல் விதியை இறுக்கியது. கூடங்குளத்துக்கான உடன்பாடு சோவியத் யூனியனுடன் 1988இலேயே கையெழுத்தாகியிருந்ததால் அது தப்பியது. 2008இல் அதே குழு இந்தியாவுக்கு விதிவிலக்கும் அளித்தது. கூடங்குளம் உலைகள் முகமையின் கண்காணிப்பில் இருக்கின்றன. கல்பாக்கத்தில் நாமே கட்டிய உலைகள் அதற்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: அணுகுண்டு செய்த பிறகு அதைக் கைவிட்ட நாடு ஏதாவது உண்டா? (தேனி வாசகர்)

பதில்: தானே செய்து தானே பிரித்துப் போட்ட நாடு ஒன்றே ஒன்றுதான், தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில், பிரிட்டோரியாவுக்கு அருகே வாலிண்டாபாவில் யுரேனியத்தைச் செறிவூட்டி (அதாவது குண்டுக்கு உதவும் வகையின் பங்கைக் கூட்டி), 1989க்குள் ஆறு குண்டுகளை முடித்து, ஏழாவதைத் தொடங்கியிருந்தார்கள். அங்கோலாவில் கியூபப் படைகள், உலகெங்கும் புறக்கணிப்பு என்று சூழப்பட்டிருந்த அந்த அரசு, குண்டைப் போருக்கு என்பதைவிட மிரட்டலுக்கே வைத்திருந்தது. 1977இலேயே கலஹாரி பாலைவனத்தில் சோதனைக் குழிகள் தயாராக இருந்தன. சோவியத் செயற்கைக்கோள் அதைக் கண்டுபிடித்துவிட, வல்லரசுகளின் நெருக்குதலால் சோதனை நின்றது.

1989இல் அதிபரான டி கிளெர்க், குண்டுகளைப் பிரிக்க உத்தரவிட்டார். கியூபப் படைகள் வெளியேறத் தொடங்கியிருந்தன, பனிப்போரும் முடிந்துகொண்டிருந்தது. வரப்போகும் கறுப்பர் ஆட்சியின் கைக்குக் குண்டு போய்விடக் கூடாது என்பதும் ஒரு காரணம் என்று பலர் சொல்வதுண்டு. அதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1991 ஜூலையில் அந்நாடு பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஆனால் குண்டு இருந்தது என்ற உண்மையை 1993 மார்ச் 24 அன்றுதான் நாடாளுமன்றத்தில் டி கிளெர்க் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு முகமையின் ஆய்வாளர்கள் செறிவூட்டு ஆலையின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, எவ்வளவு உற்பத்தியானது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சரிபார்த்தார்கள். கலஹாரி குழிகளும் அவர்கள் முன்னிலையில் மூடப்பட்டன. குண்டை உடைப்பது எளிது. இன்னொன்றைப் பதுக்கி வைக்கவில்லை என்று பிறரை நம்பவைப்பதுதான் கடினம், அதற்குப் பழைய கணக்கை மறைக்காமல் காட்டும் அரசு வேண்டும். பிரித்தெடுத்த யுரேனியம் பெலிண்டாபா அணு ஆராய்ச்சி வளாகத்தில் வைக்கப்பட்டது. 2007இல் ஆயுதம் தாங்கிய சிலர் அந்த வளாகத்துக்குள்ளேயே நுழைந்தார்கள் என்பது, குண்டு போனாலும் அதன் கவலை போகாது என்பதற்குச் சாட்சி.

கேள்வி: உக்ரைன் தன் அணுகுண்டுகளைக் கொடுக்காமல் இருந்திருந்தால் போர் வந்திருக்குமா? (ஈரோடு வாசகர்)

பதில்: அங்கே இருந்தவை சோவியத் யூனியன் விட்டுச்சென்ற குண்டுகள், ஏவுவதற்கான கட்டுப்பாடு மாஸ்கோவின் கையில் இருந்தது. ஆகவே உக்ரைன் நினைத்தவுடன் பயன்படுத்தியிருக்க முடியாது. ஆனால் அவற்றைக் கொடுத்துவிடுவதற்கு ஈடாக, 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் உக்ரைனின் எல்லையை மதிப்போம் என்று எழுதிக்கொடுத்த நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. அந்த எழுத்து 2014இல் கிரிமியாவில் மீறப்பட்டதைப் பார்த்த பிறகு, எந்த அரசிடம் போய் ‘குண்டு வேண்டாம், எங்கள் உறுதிமொழியை நம்புங்கள்’ என்று சொல்வது?

கேள்வி: மின்சாரத்துக்கும் யுரேனியம், குண்டுக்கும் யுரேனியம் என்றால், ஈரான் 60 சதவீதம் செறிவூட்டியதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்? 90 சதவீதத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறதே? (கும்பகோணம் வாசகர்)

பதில்: தூரம் மிகக் குறைவு, சதவீதக் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் 1,000 அணுக்களுக்கு 7 மட்டுமே நமக்கு வேண்டிய 235 வகை. மீதி 993 பதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்நிலையத்துக்குத் தேவையான 4 சதவீதத்தை அடைய, ஏறத்தாழ 825 பதர்களைத் தூற்றிவிட்டு, 175இல் 7 மணி என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். 60 சதவீதம் என்றால் 12இல் 7. குண்டுக்கு 8இல் 7 போதும். அதாவது 60 சதவீதத்தை எட்டியவர் தூற்ற வேண்டியது இன்னும் நாலு பதர்தான். இழப்பைக் கணக்கில் எடுக்காமல் எளிமைப்படுத்திச் சொல்கிறேன், விகிதம் இதுதான்.

இதனால்தான் 2015இல் ஆறு நாடுகளோடு செய்துகொண்ட உடன்பாடு ஈரானை 3.67 சதவீதத்தில் நிறுத்தியது. 2018இல் அமெரிக்கா அதிலிருந்து வெளியேறியது. 2021இல் ஈரான் 60 சதவீதத்தைத் தொடங்கியது.