குல்மார்க்: பனி எப்போது, மூச்சு எவ்வளவு?

கேள்வி: தொட்டபெட்டா 2,637 மீட்டர், காஷ்மீரின் குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே பனிச்சறுக்கு, இங்கே மட்டும் ஏன் இல்லை? (கோவை வாசகர்)

கணக்கு சரிதான். ஆனால் பனி பெய்ய உயரம் மட்டும் போதாது. குளிரும் ஈரமும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். நீலகிரியில் இரண்டுக்கும் ஒத்துவராது. டிசம்பர், ஜனவரி விடியலில் ஊட்டிப் புல்வெளி வெளுத்துக் கிடக்கிறதே, அது வானத்திலிருந்து விழுந்தது அல்ல. மேகமில்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்துவிட, பக்கத்துக் காற்றின் ஈரம் புல்லின் மேலேயே உறைகிறது. மேகம் மூடினால் அந்த உறைபனியும் கிடையாது. மழை மேகத்துக்குள்ளேயே பனி உருவானாலும், நம் அட்சரேகையில் உறைநிலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையைத் தொடுமுன் அது மழையாகிவிடும்.

குல்மார்க் இருப்பது 34 டிகிரி வடக்கில். குளிர்காலத்தில் உறைநிலை பள்ளத்தாக்கு வரை இறங்கி வரும். ஈரத்தைக் கொண்டுவருவது பருவமழை அல்ல. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வரும் தாழ்வுநிலைகள். வானிலைக்காரர்கள் இவற்றை ‘மேற்கத்திய இடையூறு’ என்பார்கள். பீர் பஞ்சால் மலையில் முட்டி மேலேறும்போது சுமையை அங்கேயே இறக்கிவிடுகின்றன. இடையூறு என்று பெயர் வைத்திருக்கிறோம், காஷ்மீரிகளுக்கோ அதுதான் குடிநீரும் ஆப்பிள் தோட்டமும்.

கேள்வி: கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். பனி நிச்சயம் இருக்குமா? (மதுரை வாசகி)

நிச்சயம் என்று சொல்கிறவர் உங்களுக்கு அறை விற்பவராகத்தான் இருப்பார். டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாளை அங்கே ‘சில்லை கலான்’ என்பார்கள், கடுங்குளிர்க் காலம். ஆனால் குளிர் வேறு, பனிப்பொழிவு வேறு. 2024 ஜனவரி நடுப்பகுதி வரை குல்மார்க் புல்வெளி பழுப்பாகவே கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளைத் தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். சறுக்குவதற்கென்றே போகிறவர்கள் ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி முடிய உள்ள நாட்களைப் பாருங்கள். நீங்கள் டிக்கெட்டை மாற்ற வேண்டாம். கீழே வெறுமையாக இருந்தாலும் மேலே, குல்மார்க்கை ஒட்டிய அஃபர்வத் மலையில் பனி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். கோண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் வரை கூட்டிப்போகலாமா? (திருச்சி வாசகர்)

முதல் கட்டம் கொங்டூரி, சுமார் 3,100 மீட்டர். இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 62 சதவீதம்தான். ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவுதான் குறைகிறது. குல்மார்க்கைவிட 8, 9 டிகிரி கூடுதல் குளிர், அதன்மேல் காற்று. கொங்டூரியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். அங்கிருந்தே மலை நன்றாகத் தெரியும். அதற்கும் முன்பு அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். ஸ்ரீநகரில் இரண்டு இரவு தங்கிவிட்டுப் போவது நல்லது. பலத்த காற்று என்றால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அன்று வாதம் பண்ணிப் பயனில்லை.

கேள்வி: இரண்டு நாளில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள முடியுமா? (சென்னை)

நிற்கவும் மெதுவாகத் திரும்பவும் கற்கலாம். முதல் நாள் பெரும்பாலும் விழுந்து எழுவதுதான். பயிற்றுநரைவிட பூட்ஸ் முக்கியம்: நேராக நிற்கும்போது விரல் நுனி லேசாக முட்ட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போடாதீர்கள். ரத்த ஓட்டம் தடைப்பட்டு கால் இன்னும் சில்லிடும்.

கேள்வி: குளிரில் போய்வந்த என் தம்பிக்கு மூக்குக்கு அடியில் தோல் உரிகிறது. இது பனிக்கடியா?

வெயில்தான். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும். தாடைக்கடியிலும் சன்ஸ்கிரீன் வேண்டும், கறுப்புக் கண்ணாடியும்.

கேள்வி: வெளிநாட்டவர் பாதையை விட்டு விலகிச் சறுக்குகிறார்களே, நாமும் போகலாமா? (சேலம்)

வேண்டாம். 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் பனிச்சரிவு அதிகம். அஃபர்வத்தின் அழகான சரிவுகளில் பல அந்த வகைதான். புதுப்பனி விழுந்த மறுநாள் வானம் நீலமாக இருக்கும், ஆசையும் அன்றுதான் வரும், ஆபத்தும் அன்றுதான். காற்று அள்ளிக் குவித்த பனிப் பலகை, அடியிலுள்ள பலவீனமான அடுக்கின்மேல் ஒருவரின் எடைக்கே வழுக்கிவிடும். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் அப்படி ஒரு ரஷ்யச் சறுக்கு வீரர் இறந்தார். விலகிப் போகிறவர்களிடம் சிக்னல் கருவியும் நீள்கம்பியும் மண்வாரியும் இருக்கும், உள்ளூர் வழிகாட்டியும் இருப்பார். புதைந்தவரைச் சில நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்க வேண்டும். மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க முடியாது.

கேள்வி: போன் வேலை செய்யுமா?

வெளிமாநிலப் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் எடுக்காது. போஸ்ட்பெய்டு எடுக்கும். குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும்; போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்.