செரடோனின் ஹிப்போகேம்பஸில் நரம்பணுக்களைத் தூண்டுமா, அடக்குமா? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கிறதே?

இரண்டும்தான். செரடோனின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் ஒரு ரசாயனம்; ஹிப்போகேம்பஸ் மூளையில் ஞாபகத்துக்கும் மனநிலைக்கும் தொடர்புள்ள ஒரு பகுதி. ஒரே செல்லையே முதலில் அடக்கும், அப்புறம் தூண்டும்.

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் வீட்டில் யாரோ மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், நீங்கள் ராத்திரி உட்கார்ந்து தேடியிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பரீட்சைக்காகக் கேட்டிருந்தால் அடுத்த பத்தி போதும். நான் டாக்டர் இல்லை. அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "கடைக்காரனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்" என்று எழுத வருபவர்களுக்கு: பி.பார்மிலும் பார்மகாலஜி பாடம் உண்டு.

மூளைத்தண்டின் நடுவில் இருக்கும் ரஃபே செல்கள்தான் ஹிப்போகேம்பஸுக்குச் செரடோனின் அனுப்புகின்றன. அது எந்த ரிசெப்டரில், அதாவது செல்லின் மேல் ரசாயனம் வந்து ஒட்டுகிற எந்த இடத்தில், போய் ஒட்டுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 5-எச்டி என்பது செரடோனினின் இன்னொரு பெயர்; அதன் ரிசெப்டர்களுக்கு அந்தப் பெயரோடு எண் போட்டுச் சொல்வார்கள். ஹிப்போகேம்பஸில் சிஏ1 என்ற பகுதியின் முக்கிய நரம்பணுக்களான பிரமிடு செல்களில் 5-எச்டி1ஏ ரிசெப்டரில் ஒட்டினால் பொட்டாசியம் வெளியேறி, செல்லின் உட்புறம் இன்னும் நெகட்டிவாகி, செல் அடங்கிவிடும். அதே செல்லில் 5-எச்டி4 ரிசெப்டரும் உண்டு. வரிசையாகச் சமிக்ஞை விட்டதும் செல் கொஞ்சம் ஓய்ந்து கிடக்கும் அல்லவா, அந்த ஓய்வை இது குறைத்து, செல்லைத் தொடர்ந்து இயங்க விடும். பக்கத்திலுள்ள காபா செல்கள் (காபா என்ற அடக்கும் ரசாயனத்தை விடுபவை) சிலவற்றில் 5-எச்டி3 இருக்கிறது. அவற்றை உசுப்பினால் அவை போய்ப் பிரமிடு செல்களை அடக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று ஒரே வார்த்தையில் முடித்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள்.

எங்கள் மதினி கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர்கள். ஒரு சமயம் உளுந்து மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, அதன் முன்னாலேயே சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தார்கள். துணி காய்ந்து மாவோடு ஒட்டிப்போயிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதினார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, "வயித்தப் பெரட்டுது, மனசு அப்படியேதான் கெடக்கு. என்ன மருந்து தம்பி இது, கேக்கவே மாட்டேங்கு?" என்றார்கள். அண்ணனும் "ஒத்துக்கலன்னா நிறுத்திர வேண்டியதுதான" என்று ஒத்து ஊதினார்.

வயிற்றைப் புரட்டுவதற்குக் காரணம் உண்டு. உடம்பின் செரடோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. மனசு தேற நாளாவதற்கும் காரணம் உண்டு. செரடோனின் திரும்ப உறிஞ்சப்படுவதை மாத்திரை முதல் நாளே தடுத்துவிடும். ஆனால் ரஃபே செல்களிலும் அந்த 5-எச்டி1ஏ இருக்கிறது, பிரேக்காக. சுற்றிலும் செரடோனின் கூடியதும் அது அழுத்தும்; செல் வேகத்தைக் குறைத்துவிடும். அந்தப் பிரேக் தளர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஹிப்போகேம்பஸில் புது நரம்பணுக்கள் முளைப்பதும் ஒரு காரணம் என்பார்கள். 2003-ல் எலிகளுக்கு அந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்து அதைத் தடுத்துப் பார்த்தபோது, மருந்தின் பலனும் போய்விட்டது. வயது வந்த மனிதர்களின் மூளையில் அப்படி முளைக்கிறதா என்பதில் 2018-ல் வந்த இரண்டு ஆய்வுகளே ஒன்றுக்கொன்று எதிராகச் சொல்கின்றன. அதனால் அதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

"செரடோனின் குறைவால்தான் மனச்சோர்வு என்பதற்கே ஆதாரமில்லை என்று 2022-ல் ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்களே" என்று ஒருவர் நிச்சயம் வருவார். சொன்னார்கள், சரி. அது நோய் எதனால் வருகிறது என்பதைப் பற்றியது. பாராசிட்டமாலுக்குக் காய்ச்சல் விட்டால், உடம்பில் பாராசிட்டமால் குறைந்திருந்தது என்றா அர்த்தம்?

டாக்டருக்குப் போன் போட்டோம். சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார், தொடரவும் சொன்னார். அடுத்த மாதம் மதினியே போனில் கூப்பிட்டு, அப்பளக்காரம் வாங்கி அனுப்பச் சொல்லி எத்தனை நாளாச்சு என்று என்னை ஏசினார்கள். எல்லாருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்லவில்லை. சிலருக்கு மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், தலைசுற்றலும் ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வும் வரலாம். ஆரம்ப வாரங்களில் பதற்றம் கூடினாலோ, உயிரை விடலாம் போல எண்ணம் வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று. ஆப்பில் தள்ளுபடிக்கு வாங்கிவிட்டு, பெயர் இருக்கிற பக்கத்தை வெட்டி எறிந்த அரை அட்டையோடு கடைக்கு வந்து "அண்ணாச்சி, இது எதுக்குள்ள மாத்திரை?" என்று கேட்கிறார்களே, அவர்களுக்கும் நாங்கள்தான் பதில் சொல்கிறோம். அதற்குத் தள்ளுபடி கிடையாது, ஏனென்றால் காசே கிடையாது.