எல்லை தாண்டும் செல்ஃப் டிரைவ் கார்: வாசகர் கேள்வி – பதில்

பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சி, கோவை பக்கத்து வாசகர்கள் செல்ஃப் டிரைவ், அதாவது நாமே ஓட்டும் வாடகைக் கார் பற்றிக் கேட்டவற்றில் சில இங்கே.

மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறுதான் எங்கள் குடும்பத்துக்குக் கார் வேண்டும். மற்ற நாளெல்லாம் பஸ், ஸ்கூட்டர். கடன் போட்டு வாங்கலாமா, வாடகைக்கே எடுக்கலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். எட்டு லட்ச ரூபாய்க் கார், அதில் ஆறு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஏழு வருடத் தவணை என்று வையுங்கள். வட்டி மட்டும் வருடத்துக்குச் சுமார் 30,000 ரூபாய். ஏழு வருடம் கழித்து 3.1 லட்சத்துக்கு விற்றால், வருடத்துக்கு 70,000 ரூபாய் மதிப்புத் தேய்கிறது. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து ஒரு 32,000. ஆக மாதம் 11,000 ரூபாய், வண்டி வாசலில் சும்மா நின்றாலும்.

வாடகைக்கு, சின்னக் கார் நாளொன்றுக்கு 2,200 என்றால் இரண்டு நாளைக்கு 4,400. வண்டியை எடுக்கவும் விடவும் ஆட்டோ 600. ஒரு பயணத்துக்கு 5,000, மாதம் இரண்டு என்றால் 10,000. பெட்ரோல் இரண்டிலும் பொது.

உங்கள் நிலைமை சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறது. மாதம் ஒன்றுதான் என்றால் யோசிக்காமல் வாடகை. மூன்றாகும் என்றால் வாங்கிவிடுங்கள். இரண்டு என்றால் எங்கள் ஓட்டு வாடகைக்குத்தான். ஓடாமல் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்குவதும் எலி ஒயரைக் கடிப்பதும் இந்தக் கணக்கில் வரவில்லை. ஒரு குறை உண்டு: ஓணம், தீபாவளி, பொங்கல் வாரங்களில் வாடகை ஏறும், வண்டியும் கிடைக்காது. அந்த நாட்களுக்கு முன்கூட்டியே புக் செய்யுங்கள்.

தெரிந்தவர் ஒருவர் தன் சொந்தக் காரை நிறுவனங்களைவிட 700 ரூபாய் குறைத்துத் தருகிறார். எடுக்கலாமா?
– வாசகர், பாலக்காடு

நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோக வண்டி. மஞ்சள் பலகை, கருப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வரும் டாக்ஸி. நீங்களே ஓட்டுவதற்கான வாடகைக் காரில் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும்.

சொந்தக் காருக்கான இன்சூரன்ஸ் பாலிசியில் ‘வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தக் கூடாது’ என்று ஒரு வரி உண்டு. வாடகைக்கு ஓடியபோது விபத்து நடந்தது என்று தெரிந்தால் நிறுவனம் சேதத் தொகையை மறுக்கும். எதிர்த் தரப்புக்கு இழப்பீடு கொடுத்தாலும், பிறகு உரிமையாளரிடம் திருப்பிக் கேட்க வழியுண்டு. அவர் அடுத்து உங்கள் வீட்டுக்குத்தான் வருவார். 1989ஆம் ஆண்டின் ‘ரென்ட் எ கேப்’ திட்டப்படி, செல்ஃப் டிரைவ் நடத்த உரிமம் வேண்டும். குறைந்தது 50 வண்டிகள் வேண்டும். அவற்றுக்கு அகில இந்திய சுற்றுலா பெர்மிட்டும் வேண்டும். ஒரு வண்டி வைத்திருப்பவர் இதில் எங்கும் பொருந்த மாட்டார். 2024 டிசம்பரில் கேரளப் போக்குவரத்துத் துறையும் வெள்ளைப் பலகைக் கார்களை வாடகைக்கு விடுவது குறித்து எச்சரித்தது. 700 ரூபாய்க்கு இத்தனை தலைவலி வேண்டாம்.

கருப்புப் பலகை வண்டி ஓட்ட, டாக்ஸி டிரைவர்கள் போல பேட்ஜ் எடுக்க வேண்டுமா?
– வாசகர், கோவிந்தாபுரம்

வேண்டாம். சாதாரண கார் லைசென்ஸ் போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் உள்ள லைசென்ஸைக் காட்டினால் செல்லும்.

கோவையில் கார் எடுத்து நெல்லியாம்பதியும் பறம்பிக்குளமும் போக ஆசை. எல்லையில் வரி கேட்பார்களா?
– வாசகி, சித்தூர்

வண்டியின் பெர்மிட்டைப் பொறுத்தது. அகில இந்திய சுற்றுலா பெர்மிட் நடப்பில் இருந்தால், 2023 விதிகளின்படி மாநிலத்துக்கு மாநிலம் தனி வரி கட்ட வேண்டியதில்லை. பெர்மிட் இருந்திருக்கும், ஆனால் தேதி தாண்டியிருக்கும். சிக்கல் வருவது அங்கேதான். பணம் கட்டும் முன் ஆர்சி (பதிவுச் சான்று), எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட் நான்கின் கடைசித் தேதியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ‘எல்லாம் கரெக்டா இருக்குங்க’ என்ற வாய்ச்சொல் வாளையார் செக்போஸ்ட்டில் செல்லாது. ஒரு மாநில பெர்மிட் மட்டும் உள்ள வண்டி என்றால் மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் அடுத்த மாநிலத்துக்குத் தற்காலிக பெர்மிட்டும் வரியும் கட்டிய ரசீது கையில் வேண்டும். அதை யார் கட்டுவது என்பதையும் புக் செய்யும்போதே எழுத்தில் வாங்குங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. பறம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது. காரில் போகும் வழியோ தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாக. ஆகவே பாலக்காட்டில் எடுத்த கேஎல் 09 வண்டியில் போனாலும் நீங்கள் எல்லை தாண்டியே ஆக வேண்டும். நெல்லியாம்பதிக்கு நெம்மாறை, போத்துண்டி வழி.

வால்பாறையையும் சேர்த்துக்கொள்வதாக இருந்தால், 2025 நவம்பர் 1 முதல் அங்கே இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி) வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதலே இந்த நடைமுறை. இ-பாஸ் எடுக்க வண்டி எண் வேண்டும். பல நிறுவனங்களோ எண்ணை வண்டி கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்புதான் சொல்கின்றன. எண்ணை முந்தின நாளே தருபவரிடம் எடுங்கள்.

திருப்பிக் கொடுத்த மறுநாள் ‘முன் பம்பருக்குக் கீழே கீறல்’ என்று டெபாசிட்டில் 4,800 ரூபாய் பிடித்துவிட்டார்கள். நாங்கள் எங்கும் இடிக்கவில்லை. எப்படி நிரூபிப்பது?
– வாசகர், பொள்ளாச்சி

எடுக்கும்போது அந்த இடத்தைப் படம் எடுத்திருந்தால் நிரூபிக்கலாம். இல்லையென்றால் கஷ்டம்தான். நிறுவனத்திடம் முந்தைய வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தபோது எடுத்த படத்தையும், பழுது பார்த்த பில்லையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

இனி எடுப்பவர்களுக்கு: நாலு பக்கமும் நாலு படம் எடுத்தால் போதாது. தகராறு வருவது படத்தில் விழாத இடங்களில்தான். முன் பம்பரின் கீழ் உதடு ஒன்று. வேகத்தடையிலும் பார்க்கிங் கல்லிலும் உரசுவது அதுதான். குனிந்து, போனைத் தரைக்குப் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். அடுத்து நான்கு வீல்களின் விளிம்பு. பிறகு முன் கண்ணாடியில் வைப்பருக்குக் கீழே மறையும் மூலை. அங்கே மிளகளவு சில்லு பெயர்ந்திருந்தால், ஏசி குளிரிலும் வெயிலிலும் அது கோடாக நீளும், பழி உங்கள் மேல் விழும். சைடு மிரர் முதுகு, டிக்கியின் உதடு, சீட் துணியில் சிகரெட் சுட்ட ஓட்டை இவற்றையும் விடாதீர்கள்.

அப்போதுதான் கழுவிய, தண்ணீர் சொட்டும் வண்டியில் கீறல் தெரியாது. ஈரம் அதை மூடிவிடும். துணி கேட்டுத் துடைத்துவிட்டுப் பாருங்கள். இருட்டில் எடுக்கிறீர்கள் என்றால் போன் டார்ச்சை நேராக அடிக்காமல், கதவோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் கீறலும் அடிபட்ட குழியும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

படத்தோடு நிற்காமல் ஒரே ஓட்டமாக மூன்று நிமிட வீடியோவும் எடுங்கள்: நம்பர் பிளேட்டில் தொடங்கி வண்டியைச் சுற்றி வந்து, உள்ளே கிலோமீட்டர், பெட்ரோல் முள், எரியும் எச்சரிக்கை விளக்குகள், கடைசியில் ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர். கிளம்பும் முன் அதை நிறுவனத்தின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டால் நேரமும் பதிவாகிவிடும். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே சுற்று. ‘சாவியைப் பெட்டியில் போட்டுட்டுப் போங்க’ என்பவர்களிடம் இது இரட்டிப்பு அவசியம்.

‘டேமேஜ் புரொட்டக்‌ஷன்’ (சேதக் காப்பு) என்று கூடுதலாக வாங்கும் தொகையில் பெரும்பாலும் டயர், வண்டியின் அடிப்பகுதி, சாவி, கிளட்ச், மாற்றி அடித்த எரிபொருள் இவை சேராது. புக் செய்தவர் தவிர வேறொருவர் ஓட்டியிருந்தாலும் போச்சு; ஓட்டப்போகும் இரண்டாவது ஆள் பெயரை முன்பே சேர்த்துவிடுங்கள்.

வால்பாறை ஏறும்போது கிளட்ச் கருகிய வாசனை வந்தது. வண்டி ஏஎம்டி, அதில் கிளட்ச் பெடலே இல்லையே?
– வாசகர், வேலந்தாவளம்

பெடல்தான் இல்லை, கிளட்ச் இருக்கிறது. ஏஎம்டி என்பது சாதாரண கியர் பெட்டிதான். உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் கிளட்சை அமுக்குகிறது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. முன்னால் பஸ் நின்றதும், வண்டி பின்னால் உருளாமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே நிறுத்தி வைக்கிறோம். அந்த நேரமெல்லாம் கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்து சூடாகிறது. நின்றால் பிரேக்கை மிதியுங்கள், கிளம்பும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, வண்டி நகர முனையும்போது அதை விடுவித்து எடுங்கள். மேனுவல் மோடில் வைத்து, வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் போய் மாற்றக் கூடாது. வாசனை வந்தால் ஓரங்கட்டி நியூட்ரலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். கிளட்ச் செட் மாற்றும் பில் உங்கள் பெயருக்கே வரும்.

இறக்கத்தில், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு போல அமுங்கும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவதுதான் முறை.

பெட்ரோல் எந்தப் பக்கம் போடுவது? டோல் யார் தலையில்?
– வாசகர், கோபாலபுரம்

பெட்ரோல் தமிழ்நாட்டுப் பக்கம். கேரளத்தில் விலை அதிகம். 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் (கூடுதல் வரி) வேறு. எடுத்த அளவுக்கே நிரப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம் என்றால் மீட்டர் கோட்டை நம்பாதீர்கள்: 37 லிட்டர் டேங்கில் எட்டுக் கோடு என்றால் ஒரு கோட்டுக்குள் நாலரை லிட்டர் ஒளிந்திருக்கும். ஓடிய கிலோமீட்டரை வைத்துக் கணக்கிட்டு நிரப்புங்கள்.

டோல் உங்கள் செலவு. ஃபாஸ்டாகில் காசு இருக்கிறதா என்று பாம்பாம்பள்ளம் டோலுக்கு முன்பே கேளுங்கள். 2025 நவம்பர் 15 முதல், ஃபாஸ்டாக் வேலை செய்யாவிட்டால் யுபிஐயில் ஒன்றேகால் மடங்கு. ஃபாஸ்டாக் வருடப் பாஸ் இந்த வண்டிகளுக்குக் கிடையாது; அது சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும்.

டெபாசிட் திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து, திருச்சூரில் சீட் பெல்ட் போடவில்லை என்று 500 ரூபாய் அபராதம் கேட்கிறார்கள். நிஜமா?
– வாசகி, மீனாட்சிபுரம்

நிஜமாக இருக்கலாம். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் கேமரா பார்த்து அபராதம் போடுகிறது. அது வண்டி உரிமையாளருக்குப் போய், பிறகு உங்களிடம் வருகிறது. சலான் எண்ணைக் கேட்டு வாங்கி, பரிவாஹன் இ-சலான் தளத்தில் போட்டுப் படம், இடம், நேரம் பாருங்கள். வண்டி உங்கள் கையில் இருந்த நேரம்தானா என்பது தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் ஏதாவது ஆப் ஃபைல் அனுப்பி ‘இதைத் திறந்து கட்டுங்கள்’ என்றால் தொடவே தொடாதீர்கள்.