மொட்டை மாடில ஆன்டெனா, அங்கயே துணி காயப்போடலாமுங்களா?

கேள்வி: எங்கூட்டுக்காரரு ஹாம் (பொழுதுபோக்கா ரேடியோவுல பேசறது) லைசென்ஸ் எடுத்து மொட்டை மாடில 2 மீட்டர் அலைக்கான யாகி ஆன்டெனா (பழைய டிவி ஆன்டெனா மாதிரி குறுக்குக் கம்பி வெச்சது) நட்டிருக்காருங்க, 50 வாட்ஸ் செட்டு. நான் அங்கதான் துணி, மஞ்சள் எல்லாம் காயப்போடோணும். கேன்சர் வந்துருமோன்னு மாமியா பயப்படறாங்க.
- ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: மாமியாள மொதல்ல உக்காரச் சொல்லுங்க. இது எக்ஸ்ரே மாதிரி அணுவுல இருந்து எலக்ட்ரான உருவுற கதிர் இல்லீங்க, ஒடம்ப சூடாக்குறதுதான் இதோட வேலை, அதுக்காக சும்மா விட்டுறவும் கூடாது, ஏன்னா 30ல இருந்து 300 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் மனுச ஒடம்பு ரேடியோ அலைய நல்லா இழுத்துக்கும், உங்கூட்டு 2 மீட்டர் அலைங்கறது 144 மெகாஹெர்ட்ஸ், அது அதுக்குள்ளதான் வருது. கண்ணுல ரத்த ஓட்டம் கம்மி, சூடு சீக்கிரம் எறங்காது.

அவரு கேட்டுட்டு மட்டும் இருந்தா ஒண்ணும் வெளிய வராதுங்க, பேசறப்பதான். யாகி பாக்குற தெசையிலதான் பவர் குமியும், அதனால தலைக்கு நல்லா மேல ஏத்தி, பக்கத்தூட்டு மாடிய பாக்காம திருப்பச் சொல்லுங்க. தூரம் ரெண்டு மடங்கானா அலையோட அடர்த்தி கால்வாசிதான். பேசறப்ப ஆன்டெனா கம்பியத் தொட்டா கை பொத்துரும், கொழந்தைகள அண்ட விடாதீங்க.

எனக்கு இதவிட பயம் ஈபி லைன்தானுங்க. கம்பம் சாஞ்சாலும் லைன் மேல படாத தூரத்துல நடோணும், ஆடிக் காத்துக்கு முன்னாடியே கட்டுக்கம்பிய இழுத்துப் பாக்கச் சொல்லுங்க.