ஜெரிக்கோவின் லாடக்காரர் படம் அசலா?

வணக்கம். பட்டறைக்குள் குதிரைக்கு லாடம் அடிக்கும் படம், கீழே ஜெரிக்கோ, 1821 என்று போட்டிருக்கிறது, அசல் கல்லச்சுதானா, அதாவது கல்லில் வரைந்து அதிலிருந்து காகிதத்தில் அச்சிட்ட படம்தானா என்று கேட்டிருந்தீர்கள். ஆண்டு பொருந்துகிறது. பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ஜெரிக்கோ அந்த வருடம் லண்டனில் இங்கிலீஷ், பிரெஞ்சு, ஃபிளெமிஷ் லாடக்காரர்களைக் கல்லில் வரைந்தார். அற்புதமான படங்கள்! ஆனால் ஆண்டை மட்டும் நம்பாதீர்கள், நகலிலும் அது அப்படியே வரும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து, குதிரையின் வயிற்று நிழலைப் பாருங்கள். சொரசொரப்பான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புக் குச்சியால் வரைந்ததென்றால், மணலைத் தூவியது போல ஒழுங்கில்லாத பொடிகள் தெரியும். வரிசை பிசகாத புள்ளிகள் என்றால் அது புகைப்பட முறையில் எடுத்த பிற்கால நகல்தான்.

பொடிகள் தெரிந்தாலும் அவசரப்பட வேண்டாம், பிறர் கல்லில் வரைந்த பிரதிகளும் உண்டு. அப்புறம் படத்தின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். அச்சிட்ட ஹல்மாண்டெல், வெளியிட்ட ராட்வெல் அண்ட் மார்ட்டின் பெயர்கள் இருந்தால் நல்ல அறிகுறி. தயவுசெய்து படம் மாட்டும் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். மஞ்சள் கறையையும் நீங்களே கழுவ வேண்டாம், காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.