வெடித்த இஞ்சி பியர்: மீதி இரண்டு போத்தலை என்ன செய்வது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். இணையத்தில் பார்த்து, கடை ஈஸ்ட் சேர்க்காமல் இஞ்சி பியர் செய்து, நான்கு கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி மூடி வைத்தேன். ஏழு நாள் வெளியே இருக்கட்டும் என்று போட்டிருந்தார்கள். நான்காம் நாள் இரவே இரண்டு வெடித்துவிட்டன. "வீட்டிலேயே சம்சு காய்ச்சுகிறாயா?" என்கிறார் மாமியார். மீதி இரண்டை எப்படி அப்புறப்படுத்துவது? தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு மறுபடி செய்ய ஆசை; மலாய் அண்டை வீட்டாரும் வருவார்கள். ஒருவர் "ஒரிஜினல் இஞ்சி பியர் செடி" விற்கிறார், வாங்கலாமா? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, அந்த இரண்டு போத்தலையும் வெறுங்கையால் தொடாதீர்கள். இடத்தை விட்டு நகர்த்தவும் வேண்டாம். பிள்ளைகளை அடுப்படிக்குள் விடாதீர்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டு முகக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் வேண்டும். தடித்த ஈரத் துண்டைப் போத்தல்மேல் போர்த்தி, சுற்றிலும் மெதுவாக ஐஸ் கட்டிகளை வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள். குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறையும். பிறகு துண்டோடு சேர்த்துப் பிடித்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சீறல் அடங்கியதும் இன்னும் கொஞ்சம். உள்ளே இருப்பதைக் கொட்டிவிடுங்கள், குடிக்க வேண்டாம். பக்கத்தில் வெடித்த போத்தல்களால் இவற்றிலும் கீறல் விழுந்திருக்கலாம்.

ஏன் வெடித்தது? ஒரு லிட்டரில் 80 கிராம் சீனி போட்டால், அத்தனையையும் நுண்ணுயிர்கள் தின்று முடிக்கும்போது ஏறக்குறைய 20 லிட்டர் கரியமில வாயு வரும். கடைச் சோடாவில் ஒரு லிட்டருக்கு இருப்பது சுமார் 4 லிட்டர்தான். குடித்துப் பார்த்தால் இன்னும் இனிக்கிறது என்றால், வாயுவாக மாறக் காத்திருக்கும் சீனி இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். "ஏழு நாள்" என்பது குளிர்நாட்டு அடுப்படிக் கணக்கு. 30 டிகிரி தாண்டும் நம் தகரக் கூரை வீட்டில் பல சமயம் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும். நாள் கணக்கை மறந்துவிடுங்கள்.

அடுத்தது போத்தல். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. மேலே கம்பிப் பூட்டு வைத்த அழகுப் போத்தல்களை "நொதிக்க வைக்கும் போத்தல்" என்று படம் போட்டு இணையத்தில் விற்கிறார்கள். அவற்றில் பல, எண்ணெயோ தேனோ ஊற்றி அலமாரியில் வைக்கச் செய்தவை. சதுர வடிவில் இருந்தால் இன்னும் மோசம். அழுத்தம் மூலைகளில் சேரும். எவ்வளவு தாங்கும் என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. பழைய தேன் போத்தல், சாஸ் போத்தல் எதுவும் வேண்டாம். கடைச் சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலைக் கழுவிப் பயன்படுத்துங்கள். அது வாயுவைத் தாங்கவே செய்யப்பட்டது, விரலால் அழுத்திப் பார்க்கவும் முடியும். புதிதாக வாங்கிய சோடா போத்தல் போலக் கல்லாக இறுகிவிட்டதா? அந்த நிமிடமே ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். காலையிலும் மாலையிலும் படுக்கப் போகும் முன்னும் அழுத்திப் பாருங்கள். கண்ணாடியில் இந்த வசதி கிடையாது.

செய்முறை சுலபம். முதலில் நொதிப்பைத் தொடங்கிவைக்கும் தாய்க் கரைசல்: கொதித்து ஆறிய நீர் இரண்டு கப், தோலோடு நறுக்கிய இஞ்சி ஒரு மேசைக் கரண்டி, சீனி ஒரு மேசைக் கரண்டி. எறும்பும் சிறு ஈயும் புகாதபடி துணி கட்டி, தினமும் அதே அளவு இஞ்சியும் சீனியும் சேர்த்துக் கலக்குங்கள். தோலில்தான் ஈஸ்ட் இருக்கிறது. மண் போகக் கழுவினால் போதும், சுரண்டாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் மூன்று நான்கு நாளில் குமிழி வரும். பூஞ்சை தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். பிறகு இரண்டு லிட்டர் நீரில் 150 கிராம் இஞ்சியும் 160 கிராம் சீனியும் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவைத்து, எலுமிச்சைச் சாறும் வடிகட்டிய தாய்க் கரைசல் அரை கப்பும் சேர்த்து, மேலே இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும்.

அந்தச் "செடி" செடியே அல்ல. ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்த கொழகொழப்பான மணிகள். இங்கிலாந்தில் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் அதை ஆராய்ந்து 1892இல் எழுதினார். உண்மையான மணிகள் எளிதில் கிடைப்பதில்லை. ஒரிஜினல் என்று சொல்லி வேறு ஏதாவது மணியையோ சாதாரண இஞ்சிக் கரைசலையோ அனுப்பினால் உங்களால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் கரைசலே இரண்டு போத்தலை உடைத்திருக்கிறது, அதற்கு என்ன குறை?

பகாங் மாநிலத்துப் பெந்தோங் ஊர்ப் பெயரில் நடக்கும் இஞ்சி வியாபாரமும் அப்படித்தான். பெந்தோங் இஞ்சி காரமானது, நல்ல இஞ்சிதான். அதனாலேயே சீன இறக்குமதி இஞ்சியை அந்தப் பெயரில் தள்ளிவிடும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். மண் ஒட்டியிருக்கிறது என்பதற்காக நம்பாதீர்கள். விலைச்சீட்டு இல்லாத கடைக்கு அபராதம் போட முடிகிறது; மூட்டை எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஏமாறுவது எப்போதும் தோட்டத்துச் சம்பளத்தில் வாங்குகிறவர்தான். உங்களுக்கு உயிருள்ள இஞ்சி போதும். முளைவிடாதபடி கதிர்வீச்சு காட்டிய இஞ்சியில் தோலிலுள்ள ஈஸ்டும் அழிந்திருக்கலாம். அலமாரியில் கிடந்து முளைவிடுகிற இஞ்சி, அல்லது வீட்டுக்குப் பின்னால் பிடுங்கிய இஞ்சி, இவற்றை நம்பலாம்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: இது சம்சு அல்ல, வாலை வடிப்பதும் கிடையாது. கள்ளச் சாராயத்தில் ஆளைக் கொல்வது கலப்படம் செய்த மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். இஞ்சியும் சீனியும் நொதிப்பதில் அந்த ஆபத்து வராது. ஆனால் ஆல்கஹாலே இல்லை என்று சொல்லாதீர்கள், அது பொய்.

அண்டை வீட்டார் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2011இல் நம் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு (இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு சொல்லும் குழு), மது தயாரிக்கும் நோக்கமின்றிச் செய்த மென்பானத்தில் ஆல்கஹால் 1 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குடிக்கலாம் என்று முடிவு சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு "இஞ்சி பியர் ஹலால்தான்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். சோடா அளவுக்கு நுரை ஏறினாலே ஆல்கஹால் ஏறக்குறைய 1 விழுக்காட்டைத் தொட்டுவிடும். சீனி முழுதும் நொதித்தால் கடை பியரைப் போல 5 வரை போகும். நம் அடுப்படியில் இதை அளக்க வழியில்லை. இஞ்சியும் சீனியும் ஹலால் என்பது பதிலாகாது, ஒரு வாய்தானே என்பதும் பதிலாகாது. சொல்லாமல் கொடுப்பது நம்பி வந்தவர்களுக்குச் செய்யும் துரோகம். அவர்களுக்குத் தனியாக, புதிதாகக் காய்ச்சிய இஞ்சிப் பாகில் கடைச் சோடா கலந்து கொடுங்கள். நொதித்ததில் ஒரு சொட்டும் அதில் விழக் கூடாது. ஜாடி வேறு, கரண்டி வேறு, மேசையும் வேறாக இருக்கட்டும். எதில் எது என்று இரண்டு ஜாடியிலும், மலாய் மொழியிலும் சேர்த்து எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தப் பாகுச் சோடாவே போதும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு கரைசலைத் தொடங்கி, மூன்று நாள் இருக்கும்போது போத்தலில் ஊற்றுங்கள். ஐஸ் பெட்டி நொதிப்பை மெதுவாக்கும், நிறுத்தாது; ஒரு வாரத்துக்குள் குடித்து முடித்துவிடுங்கள். திறக்கும்போது போத்தல் குளிர்ந்திருக்க வேண்டும், கழுவுதொட்டிக்கு மேலே பிடித்துத் திறங்கள். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினால், ஐஸ் பெட்டியை அணைக்கும் முன் மிச்சமிருப்பதை எல்லாம் திறந்து கொட்டிவிட்டுப் போங்கள்.