மசக்கை ஓய்ந்த பிறகு: 4, 5, 6ஆம் மாதக் கேள்விகள்

கர்ப்பத்தின் 14ஆவது வாரம் தொடங்கி 27ஆவது வாரம் முடியும் வரையிலான காலம் பற்றி வாசகியர் எழுதிய கேள்விகளுக்கு எங்கள் மருத்துவக் குழுவின் பதில்கள்.

டாக்டர் 18 வாரம் என்கிறார். மாமியாரோ ஐந்து மாசம் முடிஞ்சுபோச்சு என்கிறார். எது சரி?
– வாசகி, திண்டுக்கல்

டாக்டர் சொல்வதுதான் சரி. மாமியாரின் கணக்கு எங்கே தள்ளிப்போகிறது என்று பாருங்கள். தை 25ஆம் தேதி (பிப்ரவரி 8) உங்களுக்குக் கடைசியாக மாதவிலக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 18 வாரம், அதாவது 126 நாள் எண்ணினால் ஜூன் 14, வைகாசிக் கடைசி. தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று விரல் மடக்கினால் ஐந்து வந்துவிடும். ஆனால் தையில் கிடைத்தது சில நாட்கள்தான். உண்மையில் நான்கு மாதமும் ஆறு நாளுமே ஆகியிருக்கின்றன.

வளைகாப்புக்கு நாள் பார்க்க அந்தக் கணக்கு இருக்கட்டும். ஸ்கேனுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கும் வாரக் கணக்கு மட்டும்தான். நடு மூன்று மாதங்களில் வாந்தியும் களைப்பும் குறைந்து உடம்பு லேசாகிவிடும். அதனாலேயே செக்கப்புக்கு அடுத்த வாரம் போகலாம், அதற்கடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். இந்தக் காலத்துப் பரிசோதனைகள் ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட சில வாரங்கள்தான் அவகாசம்.

இன்னொன்று. ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் பிரசவத் தேதி வேறுவேறாக அச்சாகி வரும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனை வைத்து மருத்துவர் உறுதிசெய்த தேதிதான் கடைசி வரை. பிந்தைய ஸ்கேன்களில் தேதி முன்னே பின்னே வந்தால் குழந்தை அந்த அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கிறது என்று பொருளே தவிர, தேதி மாறிவிட்டது என்று பொருள் அல்ல.

மூன்றாம் மாத ஸ்கேன் நார்மல். ஐந்தாம் மாதம் மறுபடி பெரிய ஸ்கேன் அவசியமா? ஏழாம் மாதம் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, மன்னார்குடி

அவசியம். ஏழாம் மாதம் வரை தள்ளக் கூடாது.

அனாமலி ஸ்கேன், டிஃபா ஸ்கேன் என்றெல்லாம் சொல்லப்படும் இந்தப் பரிசோதனைக்கு உகந்த காலம் 18 முதல் 20 வாரம். அதற்கு முன்னால் குழந்தையின் இதயம் மிகச் சிறியதாக இருப்பதால் நான்கு அறைகளையும், அவற்றிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்களையும் தெளிவாகப் பார்க்க முடியாது. ரொம்பத் தள்ளிப்போனால் எலும்பு கெட்டிப்பட்டு அதன் நிழல் மறைக்கும். சட்டத்தின் கணக்கும் இருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. அதற்குமேல் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். 19ஆவது வாரத்தில் ஒரு குறை தெரிந்தால் இதயத்துக்குத் தனி எக்கோ, பனிக்குட நீர்ப் பரிசோதனை என அடுத்தடுத்துச் செய்து நிதானமாக முடிவெடுக்க நாள் இருக்கும். பனிக்குட நீர்ப் பரிசோதனையின் முழு முடிவுக்கே இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். 23ஆவது வாரத்தில் போய் நின்றால் அந்த அவகாசம் இருக்காது.

தலை, மூளை, உதடு, முதுகுத்தண்டு, இதயம், இரைப்பை, சிறுநீரகங்கள், வயிற்றுச் சுவர், கை கால்கள் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். குழந்தை குப்புறக் கிடந்தால் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்லாக் குறைகளும் இதில் தெரியும் என்று நினைக்காதீர்கள். காது கேட்குமா, ஆட்டிசம் வருமா என்பதற்கு இதில் விடை இல்லை. ஆணா பெண்ணா என்று சாடையாகக்கூடக் கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வது குற்றம்.

ரிப்போர்ட்டில் மூன்று வரிகள் வீட்டாரைத் தூங்கவிடாது. முதலாவது, 'நஞ்சுக்கொடி தாழ்வாக உள்ளது'. 20ஆவது வாரத்தில் இப்படி இருப்பதில் பெரும்பாலானவை கர்ப்பப்பை வளர வளர மேலே நகர்ந்துவிடும். 32ஆவது வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். ரத்தப்போக்கு இல்லையென்றால் படுத்த படுக்கையாக இருக்க வேண்டியதில்லை. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் மட்டும் தாம்பத்தியம் வேண்டாம்.

இரண்டாவது, 'இதயத்தில் வெள்ளைப் புள்ளி'. இது இதய நோய் அல்ல. மற்ற எல்லாம் சரியாக இருந்து, மூன்றாம் மாத ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நார்மல் என்றால் இதற்காக மட்டும் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியிருக்காது.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: கர்ப்பப்பை வாயின் நீளம். 25 மி.மீ.க்குக் குறைவு என்றால் குறைப்பிரசவ வாய்ப்பு கூடும். இரவில் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை பலருக்கு உதவும், சிலருக்குத் தையல் தேவைப்படும். வீட்டில் எல்லோரும் குழந்தையின் எடையைப் படித்துவிட்டு இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா? போன தடவை குளுக்கோஸ் குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டேன்.
– வாசகி, ஆவடி

நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் பல தனியார் மருத்துவமனைகளிலும் செய்யும் முறைக்கு வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸை சுமார் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சரியாக 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 140 மி.கி. அல்லது அதற்குமேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சில இடங்களில் மூன்று முறை ரத்தம் எடுக்கும் வேறு முறை உண்டு. அதற்கு வெறும் வயிறு கட்டாயம். எந்த முறை என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

குடித்த 30 நிமிடத்துக்குள் வாந்தி வந்தால் அன்றைய சோதனை செல்லாது. இன்னொரு நாள் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் தொடரலாம். ஒரே மூச்சில் குடிக்காமல் சிறு சிறு மடக்காகக் குடித்தால் குமட்டல் குறையும்.

முடிவு பிசகுவதற்கு வழக்கமான காரணங்கள் சில. கடையில் வாங்கும் குளுக்கோஸ் பொட்டலம் 100 கிராமாக இருக்கும், அதை அப்படியே கரைத்துவிடுவார்கள். காத்திருக்கும் நேரத்தில் டீ, பிஸ்கட் உள்ளே போய்விடும். அல்லது 'டெஸ்ட் வருது' என்று மூன்று நாள் சோற்றையே தொடாமல் வருவார்கள். இந்தக் கடைசி ரகம் ரிப்போர்ட்டைத்தான் ஏமாற்றுகிறது, சர்க்கரையை அல்ல.

முதல் செக்கப்பில் நார்மல் என்றாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலைசெய்ய விடாமல் தடுக்கத் தொடங்குவது இந்தச் சமயத்தில்தான். சர்க்கரை என்று தெரிந்தால் உடனே ஊசி என்று அர்த்தமில்லை. இரண்டு வாரம் உணவுமுறை, நடை. அதன் பிறகும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 120க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மருந்து அல்லது இன்சுலின்.

ஹீமோகுளோபின் 9.2. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வேறு. நிறுத்திவிட்டுப் பேரீச்சையும் பீட்ரூட்டும் சாப்பிட்டால் போதாதா?
– வாசகி, சேலம்

போதாது. கர்ப்பிணிக்கு 11 கிராம் இருக்க வேண்டும். பீட்ரூட் சிவப்பாக இருக்கிறது என்பதைத் தாண்டி ரத்தத்துக்கு அதனால் பெரிய லாபமில்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல், ஈரல் இல்லாத ஆட்டிறைச்சி எல்லாம் நல்லவை. ஆனால் 9.2ஐ 11க்குக் கொண்டுவர உணவு மட்டும் உதவாது.

மலம் கறுப்பது மாத்திரையில் உறிஞ்சப்படாமல் மிஞ்சும் இரும்பால்தான். அது கெடுதல் அல்ல. அரசு தரும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ரத்தசோகை இல்லாதவருக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று. உங்களைப் போல 7க்கும் 10க்கும் இடையில் இருப்பவருக்குப் பொதுவாக இரண்டு சொல்வார்கள். உங்கள் மருத்துவர் எழுதிய அளவையே பின்பற்றுங்கள்.

மாத்திரை வேலைசெய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அதைப் போடும் நேரம். கால்சியம் மாத்திரையோடும், பால், டீ, காபியோடும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சேராது. காலை டிபனுக்குப் பின் ஒரு கால்சியம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. இரும்பு மாத்திரையை முற்பகல் 11 மணி வாக்கில் எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு நெல்லிக்காயோடு போடுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். வயிறு எரிந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். கொஞ்சம் குறைவாகச் சேரும், நிறுத்துவதைவிட அது மேல். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், வாழைத்தண்டு, கொய்யா, மாலை நடை.

குடற்புழு மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே ஒரு முறை, முதல் மூன்று மாதம் கழிந்த பின் தருவார்கள். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்து பற்றியும், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டுக்கான பரிசோதனை பற்றியும் பேச வேண்டும்.

20 வாரம். குழந்தை அசைவதே தெரியவில்லை. முதல் குழந்தை.
– வாசகி, யாழ்ப்பாணம்

முதல் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரத்தில்தான் அசைவு தெரியத் தொடங்கும். சிலருக்கு இன்னும் தாமதமாகும். அடிவயிற்றில் குமிழி உடைவது போன்ற சின்ன உணர்வை வாயு என்றே நினைத்திருப்பீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி முன்சுவரில் என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் குழந்தையின் உதை கொடியில் பட்டுத் தணிந்துதான் உங்களுக்கு எட்டும். 24 வாரம் ஆகியும் ஒருமுறைகூடத் தெரியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். ஒருமுறை தெரிந்த அசைவு பிறகு குறைந்தாலோ நின்றாலோ காத்திருக்காமல் உடனே போங்கள்.

பப்பாளி? குங்குமப்பூ?
– வாசகி, காரைக்குடி

நன்றாகப் பழுத்த பப்பாளி ஆபத்தில்லை. காயில் இருக்கும் பால்தான் வேண்டாம் என்பது. குங்குமப்பூவுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

திடீரென எழுந்தால் அடிவயிற்றில் சுருக்கென்று இழுக்கிறது. 23 வாரம். அடுத்த வாரம் பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டும். போகலாமா?
– வாசகி, கோவில்பட்டி

எழும்போதும் இருமும்போதும் திரும்பிப் படுக்கும்போதும் ஒரு பக்கமாகச் சுருக்கென்று இழுத்து, சில நொடியில் விட்டுவிட்டால் அது கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார் இழுபடுவது. முதலில் ஒருக்களித்து, கையை ஊன்றி, பிறகு எழுந்தால் குறையும். வயிறு விட்டுவிட்டுச் சீராகக் கல்லாக இறுகுவது, ரத்தம் படுவது, தண்ணீர் கசிவது, நீர்க்கடுப்போடு காய்ச்சல், தலைவலியோடு கண் மங்குவது ஆகியவை வேறு விஷயம். இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. 20 வாரத்துக்கு மேல் ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டாலும் அப்படியே.

இவை எதுவும் இல்லை, கொடியும் வாயை மூடவில்லை, உங்கள் மருத்துவரும் தடை சொல்லவில்லை என்றால் போகலாம். பஸ்ஸைவிட ரயில் நல்லது. கீழ் பெர்த், பக்கத்தில் கழிவறை, எழுந்து நடக்க இடம். பஸ்தான் என்றால் சக்கரத்துக்கு மேல் உள்ள இருக்கையும் கடைசி வரிசையும் வேண்டாம், நடுவில் உட்காருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். கழிவறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் கூடவே ஊருக்கு வரும். காரில் என்றால் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு மேல் அல்ல, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை, பிக்மி எண் (அரசுக் கர்ப்பப் பதிவு எண்) எழுதிய அட்டை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.